'ஹேண்ட்மேட்', 'லெட் ஃப்ரீ', '80% ஆஃப்'... ஒரு பீங்கான் கப்பை விற்க எதைச் சொல்லலாம்? எதை மறைக்கக் கூடாது?

மொபைலில் ஏதாவது ஒரு ஷாப்பிங் ஆப்பைத் திறந்து 'செராமிக் மக்' என்று தட்டிப் பாருங்கள். ஒரே மாதிரியான நீல நிறக் கப் பத்து பேரிடம் பத்து விலையில் கிடைக்கும். ஒருவர் 'ஹேண்ட்மேட்' என்பார். இன்னொருவர் '100% லெட் ஃப்ரீ' என்பார். மூன்றாமவர் 1,999 ரூபாயைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் 399 என்று சிவப்பில் காட்டுவார். கீழே 'இன்னும் 2 மட்டுமே உள்ளது' என்று ஒரு வரி கண் சிமிட்டும்.

இதுல எது வியாபாரத் திறமை, எது ஏமாற்று வேலை? எம்.பி.ஏ. வகுப்புகளில் 'பிசினஸ் எதிக்ஸ்' என்றாலே பெரிய பெரிய கார்ப்பரேட் மோசடிகளைத்தான் உதாரணம் காட்டுவார்கள். ஆனால் அதே கேள்விகள் எல்லாம் ஒரு டீ கப்பைச் சுற்றியும் இருக்கு. பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்தை வைத்துக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

விருத்தாசலத்துக்கும் பீங்கானுக்கும் என்ன சம்பந்தம்?

கடலூர் மாவட்டத்தில் உள்ள விருத்தாசலத்தை வெளியூர்க்காரர்கள் பலர் ரயில்வே ஜங்ஷனாகவும், பழமலைநாதர் கோயிலாகவும் அறிந்திருப்பார்கள். பக்கத்திலேயே நெய்வேலி. அங்கே நிலக்கரிக்கு மேலே இருக்கும் மண்ணை அகற்றும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. பீங்கான் செய்ய அதுதான் முக்கியமான மூலப்பொருள். இதை நம்பித்தான் 1960களில் இங்கே செராமிக் தொழிற்பேட்டை உருவானது. செராமிக் தொழில்நுட்பத்தை மட்டுமே கற்றுக்கொடுக்கும் அரசு டிப்ளமோ கல்லூரியும் இந்த ஊரில் இருக்கு.

வீட்டு மெயின் போர்டில் இருந்த வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் ஞாபகம் இருக்கா? ஃபியூஸ் போனால் அப்பா ஸ்டூல் போட்டு ஏறி கம்பி சுற்றுவாரே, அதேதான். அப்படிப்பட்ட ஃபியூஸ், இன்சுலேட்டர், அகல் விளக்கு, கொலு பொம்மை, ஷோகேஸில் வைக்கும் குட்டி யானை, குதிரை எல்லாம் இங்கிருந்து வெளியூர் போகின்றன. எம்.சி.பி. சுவிட்ச் வந்தபிறகு பீங்கான் ஃபியூஸுக்கான தேவை சுருங்கிவிட்டது. அதனால் பொம்மை, விளக்கு, அலங்காரப் பொருள் பக்கம் போட்டி அதிகம். போட்டி அதிகமானால் 'எப்படிச் சொல்லி விற்பது' என்ற கேள்வியும் வந்துவிடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். கீழே வரும் எந்தப் புகாரும் விருத்தாசலத்தில் உள்ள எந்த யூனிட்டின் மீதும் வைக்கப்படுவது அல்ல. பீங்கான் விற்கும் யாரும், எங்கேயும் சந்திக்கும் கேள்விகள் இவை.

நவீன மார்க்கெட்டிங்கே பீங்கானில்தான் தொடங்கியதா?

கிட்டத்தட்ட ஆமாம். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜோசையா வெட்ஜ்வுட் என்று ஒரு குயவர் இருந்தார். பரிணாமக் கொள்கையைச் சொன்ன சார்லஸ் டார்வினுக்குத் தாத்தா. 1765-ல் அந்நாட்டு அரசி சார்லட் இவரிடம் ஒரு டீ செட் வாங்கினார். வெட்ஜ்வுட் விடவில்லை. அனுமதி வாங்கி அந்த வகைப் பாத்திரத்துக்கே 'அரசியின் பாத்திரம்' என்று பெயர் வைத்துவிட்டார். அதே மண், அதே சூளை. பெயர் மாறியதும் மவுசு கூடிவிட்டது.

லண்டனில் ஷோரூம், படம் போட்ட கேட்லாக், பிடிக்கவில்லை என்றால் பணம் வாபஸ் என்று இன்று ஆன்லைனில் பார்க்கும் பல உத்திகளை அவர் அப்போதே செய்துவிட்டார். முதலில் பிரபுக்களுக்கு அதிக விலையில் விற்று மவுசை ஏற்றுவது, பிறகு விலையைக் குறைத்து நடுத்தர மக்களுக்கு விற்பது என்பதும் அவர் கணக்கு. இதே ஆள்தான் அடிமை வணிகத்தை எதிர்த்து 1787-ல் ஒரு பீங்கான் பதக்கம் தயாரித்து, அதை ஒரு பிரசார அடையாளமாகவே மாற்றினார். ஒரே சூளையிலிருந்து ஆசையைத் தூண்டும் பொருளும் வந்தது, மனசாட்சியைத் தூண்டும் பொருளும் வந்தது.

அரசி கப் வாங்கியது உண்மை, அதைச் சொல்லி விற்றதில் தப்பில்லை. ஆனால் இன்று ஒரு நடிகரோ, இன்ஸ்டாகிராம் பிரபலமோ, தான் ஒருநாள்கூட பயன்படுத்தாத பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு 'என் ஃபேவரைட்' என்கிறார். அதற்குப் பணம் வாங்கியதைச் சொல்வதில்லை. இந்தியாவில் இதற்கு விதி இருக்கு. பொருளை விசாரித்துப் பார்க்காமல் தவறான விளம்பரத்தில் தோன்றினால், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் போடலாம். ஓராண்டு, பிறகு மூன்றாண்டு வரை விளம்பரங்களில் நடிக்கத் தடையும் விதிக்கலாம்.

'ஹேண்ட்மேட்' என்றால் எவ்வளவு கை பட்டிருக்க வேண்டும்?

பீங்கான் வியாபாரத்தில் நிஜமாகவே வழுக்கலான இடம் இதுதான்.

பெரும்பாலான பீங்கான் பொம்மைகள் சக்கரத்தில் வைத்து வனைவது இல்லை. களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கூழ் மாதிரி ஆக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரமாக ஒரு படலம் கட்டியதும் மிச்சக் கூழை வெளியே கொட்டிவிடுவார்கள். பிறகு அச்சைப் பிரித்து, விளிம்பைச் சீவி, ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, சூளையில் சுட்டு, கையால் வண்ணம் தீட்டுவார்கள். ஒரே அச்சிலிருந்து வந்த நூறு யானைகளும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் கண் எழுதியது ஒரு பெண்ணின் கை. விளிம்பைச் சீவியது இன்னொரு கை.

இதை 'ஹேண்ட்மேட்' என்று விற்கலாமா? வாங்குபவர் மனதில் 'ஒரு கலைஞர் உட்கார்ந்து தனியாக வனைந்த ஒரே பீஸ்' என்ற படம் வந்து, அதற்காகவே அவர் மூன்று மடங்கு விலை கொடுத்தால், அந்தச் சொல் அவரைத் தவறாக வழிநடத்துகிறது. மறுபக்கம், முழுக்க மெஷினில் அச்சடித்து, டிசைனை ஸ்டிக்கராக ஒட்டிய கப்போடு இதையும் ஒன்றாகச் சேர்த்து 'மெஷின் மேட்' என்றால் அந்தப் பெண்ணின் கைவேலைக்கு மரியாதை இல்லை.

இதற்கு வழி ரொம்ப சிம்பிள். 'அச்சில் வார்த்து, கையால் வண்ணம் தீட்டியது' என்று எழுதலாம். கொஞ்சம் நீளம்தான். ஆனால் அது உண்மை. அப்படி எழுதினால் விலை குறைந்துவிடும் என்று விற்பவர் பயந்தால், அந்த விலை வித்தியாசம் எதற்காக வாங்கப்படுகிறது என்பதை அவரே யோசிக்கணும்.

ஊர்ப் பெயரும் இப்படித்தான். ஓர் ஊரின் பொருளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டால் அந்தப் பெயரை வேறு யாரும் பயன்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் கிடைத்தது. குறியீட்டைத் தவறாகப் பயன்படுத்தினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது 1999ஆம் ஆண்டுச் சட்டம். வெளிநாட்டுச் சரக்கை உள்ளூர் சரக்கு மாதிரி காட்டுவதற்கும் தடை உண்டு. ஆன்லைனில் விற்கும் பொருள் எந்த நாட்டில் தயாரானது என்பதை அந்தப் பக்கத்திலேயே காட்டணும். வாங்கும் முன் கீழே ஸ்க்ரோல் செய்து பார்த்தால் இருக்கும், பெரும்பாலும் ரொம்பக் கீழே.

'லெட் ஃப்ரீ' என்கிறார்களே, கப்பில் ஈயம் எப்படி வந்தது?

மேலே சொன்னதெல்லாம் பணத்தோடு போய்விடும். இது உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

பீங்கானின் பளபளப்புக்குக் காரணம் கிளேஸ் எனப்படும் கண்ணாடி மாதிரியான பூச்சு. அது சூளையில் உருகி, மண்மேல் படர்ந்து இறுகணும். ஈயம் சேர்த்தால் குறைந்த வெப்பத்திலேயே உருகும், மினுமினுப்பும் தூக்கலாக இருக்கும். எரிபொருள் செலவு மிச்சம். உலகம் முழுக்க பல நூற்றாண்டுகளாக ஈயத்தைப் பயன்படுத்தியதற்கு இதுதான் காரணம். 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடும் பீங்கானுக்கு ஈயம் தேவைப்படாது. குறைந்த வெப்பத்தில் சுடுவதிலும், சில பளிச் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நிறங்களிலும்தான் கவனம் வேண்டும். அந்த நிறங்களுக்குக் காட்மியமும் பயன்படுவதுண்டு.

பிரச்சினை எங்கே? சரியாகச் சுடாத ஈய கிளேஸ் உள்ள பாத்திரத்தில் எலுமிச்சை, புளி, ஊறுகாய், தக்காளி மாதிரி புளிப்பானதை வைத்தால் ஈயம் கரைந்து உணவில் இறங்கும். நிறம் மாறாது, வாசனை வராது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் முதலில் தாக்கும். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின், அதாவது சுமார் 80 கோடி குழந்தைகளின், ரத்தத்தில் கவலைப்படும் அளவுக்கு ஈயம் இருப்பதாக யுனிசெஃப் 2020-ல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. பழைய பேட்டரி, பெயின்ட் என்று அதற்குப் பல காரணங்கள். மெக்சிகோவில் ஈய கிளேஸ் பூசிய பாத்திரங்கள் இன்றும் ஒரு முக்கியக் காரணம்.

உணவுக்கான பீங்கானிலிருந்து எவ்வளவு ஈயம், காட்மியம் வெளியேறலாம் என்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரம்பும் சோதனை முறையும் வைத்திருக்கு. அமெரிக்காவில், அலங்காரத்துக்கு மட்டுமான பீங்கான் பாத்திரம் பார்ப்பதற்கு உணவுப் பாத்திரம் மாதிரி இருந்தால், 'உணவுக்குப் பயன்படுத்தாதீர், உணவை நஞ்சாக்கலாம்' என்ற எச்சரிக்கையை அந்தப் பொருளிலேயே போடணும். அல்லது தட்டில் ஓட்டை போட்டு உணவு வைக்க முடியாதபடி செய்யணும்.

இங்கேதான் நெறி சார்ந்த கேள்வி வருது. ஒருவர் அலங்காரக் கிண்ணம் செய்கிறார். ஷெல்ஃபில் வைக்கத்தான் செய்தார். ஆனால் வாங்கிப் போகும் அம்மா அதில் ஊறுகாய் போடலாம் என்று விற்பவருக்குத் தெரியும். அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. சும்மா இருந்தார். அது தப்பா?

சட்டம் தப்பு என்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் 'தவறாக வழிநடத்தும் விளம்பரம்' என்பதற்கான விளக்கத்தில், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அடங்கும். சொன்ன பொய் மட்டுமில்லை, சொல்லாமல் விட்டதும் கணக்கில் வரும். 2022 ஜூன் 9 அன்று வந்த விளம்பர வழிகாட்டுதல்களில் இன்னொரு நல்ல விஷயம் இருக்கு. நிபந்தனைகளை விளம்பரம் எந்த மொழியில் இருக்கோ அதே மொழியில் போடணும். தமிழில் பெரிய எழுத்தில் 'ஃபுட் சேஃப்' என்று சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் 'அலங்காரத்துக்கு மட்டும்' என்று எழுதக் கூடாது.

வாங்குபவர்களுக்கு: பார்த்தே ஈயத்தைக் கண்டுபிடிக்க முடியாது. 'லெட் ஃப்ரீ' என்று போட்டிருந்தால் எந்த ஆய்வகத்தில் சோதித்தார்கள் என்று விற்பவரிடம் கேட்கலாம். அலங்காரமாக வாங்கியதில் சாப்பிடவோ ஊறுகாய் வைக்கவோ வேண்டாம். கிளேஸ் உரிந்துபோன பழைய பாத்திரத்துக்கும் இதே பதில்தான்.

1,999 போட்டு 399-க்கு விற்றால் யாருக்கு லாபம்?

எம்.ஆர்.பி. என்பது அதிகபட்ச விலை. அதைவிட ஒரு ரூபாய் கூட வாங்கினாலும் குற்றம். ஆனால் அந்த எண்ணை அச்சடிப்பது தயாரிப்பாளர்தான். மருந்து மாதிரி விலைக் கட்டுப்பாடு உள்ள சில பொருட்களைத் தவிர, எவ்வளவு போடணும் என்று யாரும் சொல்வதில்லை. நுகர்வோரைப் பாதுகாக்க வந்த எண் இப்படித்தான் தள்ளுபடிக்கு மேடை போடும் எண்ணாக மாறிவிட்டது. 400 ரூபாய் கப்பில் 1,999 என்று அச்சடித்தால் 80% தள்ளுபடி ரெடி. ஒரு கப்கூட 1,999-க்கு விற்றிருக்காது.

இதில் அடிபடுவது வாங்குபவர் மட்டுமல்ல. பக்கத்துக் கடையில் நேர்மையாக 400 என்று போட்டு 400-க்கே விற்பவர் 'தள்ளுபடியே தராதவர்' ஆகிவிடுகிறார். நேர்மைக்கு அபராதம் கட்டுவது மாதிரி.

'இன்னும் 2 மட்டுமே', '10 நிமிடத்தில் ஆஃபர் முடியும்' என்று பொய்யாக அவசரப்படுத்துவதை டார்க் பேட்டர்ன் என்கிறார்கள். 2023 நவம்பர் 30 அன்று இப்படி 13 தந்திரங்களை மத்திய அரசு பட்டியலிட்டுத் தடை செய்தது. கேட்காமலே கார்ட்டில் 'நன்கொடை 10 ரூபாய்' சேர்ப்பது, கடைசிப் பக்கத்தில் திடீரென்று பேக்கிங் கட்டணம் முளைப்பது, எல்லாம் அதில் வரும்.

சின்ன விஷயத்துக்கெல்லாம் கேஸ் நிற்குமா?

நிற்கும். சென்னைப் பகுதியைச் சேர்ந்த ஒருவர் 2021 டிசம்பரில் தெரு விலங்குகளுக்குப் போட ஐ.டி.சி.யின் சன்ஃபீஸ்ட் மேரி லைட் பாக்கெட்டுகள் வாங்கினார். கவரில் 16 பிஸ்கட் என்று இருந்தது. உள்ளே 15. நிறுவனம், 'நாங்கள் எடைக்குத்தான் விற்கிறோம், எண்ணிக்கைக்கு இல்லை' என்று வாதிட்டது. எடையைப் பார்த்தால் 76 கிராம் என்று போட்டிருந்த பாக்கெட் 74 கிராம்தான் இருந்தது. திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2023 ஆகஸ்ட்டில் 1 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. ஒரு பிஸ்கட் விலை 75 பைசா.

75 பைசாவுக்கா இவ்வளவு என்று தோன்றலாம். தினமும் லட்சக்கணக்கில் விற்கும் பொருளில் 75 பைசாவைப் பெருக்கிப் பார்த்தால் தெரியும். அளவில் கை வைக்காத காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பட்டினப்பாலை பாராட்டியிருக்கு. பாராட்டுகிற அளவுக்கு அது அப்போதே அபூர்வமாக இருந்ததோ என்னவோ!

கப் விலையில் தொழிலாளியின் நுரையீரலும் சேருமா?

கப் வாங்குபவர் கண்ணுக்கே தெரியாத பகுதி இது. பீங்கான் மண்ணில் சிலிக்கா இருக்கு. காய்ந்த மண்ணை அரைக்கும்போதும், சலிக்கும்போதும், மூட்டையைத் தட்டிக் கொட்டும்போதும், தரையைப் பெருக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத தூசி பறக்கும். வருஷக்கணக்கில் அதைச் சுவாசித்தால் நுரையீரலில் தழும்பு கட்டி சிலிகோசிஸ் வரும். குணப்படுத்த மருந்து கிடையாது. காசநோய் தொற்றும் அபாயமும் கூடும். இங்கிலாந்தில் இதைக் 'குயவர் நோய்' என்கிற மாதிரிப் பெயரிட்டே அழைத்திருக்கிறார்கள். வெட்ஜ்வுட் காலத்து ஷோரூம்களின் பளபளப்புக்குப் பின்னால் இதுவும் இருந்தது.

தடுக்கப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. காய்ந்த தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது, அரைக்கும் இடத்தில் தூசியை உறிஞ்சும் ஃபேன், சரியான மாஸ்க், ஆண்டுக்கொரு எக்ஸ்ரே. துணி கட்டிக்கொள்வது போதாது, இந்தத் தூசி துணி வழியாகப் போய்விடும். அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் சிலிகோசிஸ் இருக்கு. ஆனால் நாலைந்து பேர் மட்டும் வேலை செய்யும் குடும்ப யூனிட்கள் பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் வரம்புக்குள் பொதுவாக வந்ததில்லை. அங்கே எக்ஸ்ரே எடுக்கச் சொல்ல ஆள் கிடையாது. முதலாளியும் அதே தூசியைத்தான் சுவாசிக்கிறார்.

அவரிடம் போய் 'நீ ஏன் ஃபேன் போடல' என்று கேட்பது சுலபம். அவருக்கு அந்தக் காசு வந்து சேர்ந்ததா என்று பார்க்கணும். அவரிடம் சரக்கு எடுக்கும் வெளியூர் மொத்த வியாபாரி 'அடுத்த சீசன்ல தர்றேன்' என்று மாதக்கணக்கில் இழுத்தால் என்ன செய்வார்? இதுவும் நிர்வாக நெறிதான், பாடப் புத்தகத்தில் கடைசி அத்தியாயத்தில் வரும். பதிவு செய்த சிறு, குறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தரணும் என்கிறது 2006ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டம். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து, கெடு தாண்டியும் கொடுக்காத தொகையை, கொடுக்கும்வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. சட்டம் கடுமைதான். ஆனால் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் போய்விடுமே என்று வாயை மூடிக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

புகார் எங்கே சொல்வது?

ஃபியூஸ், பிளக் போன்ற மின்பொருளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதன் கீழே 'சி.எம்/எல்' என்று தொடங்கும் லைசென்ஸ் எண் இருக்கணும். 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று காட்டும். எண் இல்லாத முத்திரையை நம்ப வேண்டாம். டீ கப் ஏமாற்றினால் பணம் போகும், ஃபியூஸ் ஏமாற்றினால் வீடு எரியும்.

மற்ற புகார்களுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஆன்லைனில் எங்கிருந்து வாங்கியிருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பில்லையும், விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட்டையும் அழிக்காமல் வைத்திருங்கள். விற்பவர்கள் அந்தப் பக்கத்தைப் பிறகு மாற்றிவிடுவதுண்டு.